நிலத்தைக் காப்பாற்றலாம், யார் பெயரில்?

(ஒரகடத்தில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, அமெரிக்காவில் நிலத்தை விவசாயத்துக்கே வைத்திருப்பேன் என்று உள்ளாட்சியோடு ஒப்பந்தம் போட்டால் வரியைக் குறைக்கிறார்களாமே. நம்ம ஊரிலும் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் ஒரகடம் இப்படி ஆகியிருக்காது இல்லையா?" அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்.

தம்பி சொன்னது உண்மைதான். கலிபோர்னியாவில் 1965இல் கொண்டுவந்த சட்டம் அது. வில்லியம்சன் சட்டம் என்பார்கள். நில உடைமையாளர் தன் மாவட்ட நிர்வாகத்தோடு குறைந்தது 10 ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறார். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை ஒவ்வோர் ஆண்டும் அது தானாகவே ஓர் ஆண்டு நீளும். அந்தக் காலத்தில் அவர் நிலத்தை மனை போட முடியாது. பதிலுக்கு, நிலம் சந்தையில் என்ன விலை போகும் என்று பார்க்காமல், விவசாயத்தில் என்ன வருமானம் தரும் என்று பார்த்து வரி போடுவார்கள். மாவட்டத்துக்கு ஏற்படும் வரி இழப்பில் ஒரு பகுதியை மாநில அரசு பல ஆண்டுகள் ஈடுகட்டியது. 2009 நிதி நெருக்கடிக்குப் பிறகு அந்தப் பணம் ஏறக்குறைய நின்றே போனது. அப்படியும் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்த காலம் உண்டு. சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அதே 1965 செப்டம்பரில், அதே கலிபோர்னியாவில், டெலானோ என்ற ஊரின் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில் மெக்சிகத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். ஐந்து ஆண்டுகள் நடந்த போராட்டம் அது. விவசாயக் கூலிகள் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமைக்கு அந்த மாநிலம் சட்டம் போட்டது 1975இல். நிலத்துக்குப் பாதுகாப்பு வந்து 10 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு வந்தது. அதற்கும் முன்னால் 1913இல், ஆசியாவிலிருந்து வந்தவர்கள் நிலம் வாங்கவே கூடாது என்று சட்டம் போட்ட மாநிலம் அது. நில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இரண்டு பேர்: உடைமையாளரும் அரசும். உழைத்தவருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். முதலில் வரி. நம் நிலத்துக்கு நாம் கட்டும் தீர்வை ஏக்கருக்குச் சில ரூபாய். அதைக் குறைப்பதால் யாரும் நிலத்தை விற்காமல் இருக்கப் போவதில்லை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் கிராமப்புற விளைநிலத்தை விற்றால் வரும் லாபத்துக்கும் வரி இல்லை. வைத்திருந்தாலும் வரி இல்லை, விற்றாலும் வரி இல்லை. விவசாயத்தின் பெயரால் இந்த நாடு ஏற்கெனவே பெரிய சலுகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அது பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. நடவு நட்டவருக்குப் போவதில்லை.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். நிலத்தைக் கைமாற்றாமல் உழுவதற்கு வரிச் சலுகை கொடுக்கும் ஏற்பாடு நமக்குப் புதியது இல்லை, தோழர்களே. அமெரிக்காக்காரன் யோசிப்பதற்கு 73 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செங்கல்பட்டு மண்ணிலிருந்து அது தொடங்கியது. அதன் பெயர் பஞ்சமி நிலம்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை இருந்தது. ஊரில் தரிசு நிலம் கிடந்தாலும், அதைக் கேட்டு தர்க்காஸ்து மனு போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரியில் இருப்பவர் தரிசைக் கேட்டால் மிராசுதார் குறுக்கே வந்து நிற்பார். குடியிருக்கும் குடிசை மண்கூட அவர்களுக்குச் சொந்தம் இல்லை. மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் இதையெல்லாம் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது.

அதன் நிபந்தனைகளைக் கவனியுங்கள். நிலம் இலவசம். தொடக்க ஆண்டுகளில் வரி கிடையாது. பெற்றவர் முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் கைமாற்றலாம். மீறினால் அந்தக் கிரையம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவைப் போலவே 10 ஆண்டு, வரிச் சலுகை, கைமாற்றக் கட்டுப்பாடு. அதைவிட ஒருபடி மேலே போய், நிலம் யார் கையில் இருக்க வேண்டும் என்றும் சொன்ன ஏற்பாடு. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு உங்களுக்குத் தெரியும்.

அது என்ன ஆனது? கடனுக்கு எழுதி வாங்கினார்கள். ஒரு மூட்டை நெல்லுக்கும் ஒரு கல்யாணச் செலவுக்கும் கைநாட்டு வாங்கினார்கள். மிரட்டி உழுதார்கள். நிபந்தனை மீறப்பட்டால் மேலே சொல்ல வேண்டியவர் யார்? ஊர்க் கர்ணமும் மணியக்காரரும். அந்தப் பதவிகள் தமிழ்நாட்டில் நீண்ட காலம் பரம்பரைப் பதவிகள். பறித்தவர் வீட்டுத் திண்ணையில்தான் பதிவேடு இருந்தது. பிறகு யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல கிராமங்களில் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து காணாமல் போனது. இரண்டு எழுத்து போனதும் நிபந்தனையும் போனது, நிலம் சாதாரண பட்டா நிலம் ஆகிவிட்டது.

அதைத் திரும்பக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் இதே மாவட்டத்து வரலாறுதான். 1994 அக்டோபர் 10, காரணை பஞ்சமி நிலப் போராட்டம். செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். சட்டம் இருந்தது, அரசாணை இருந்தது, நிபந்தனை தெளிவாக இருந்தது. நிபந்தனையைக் காப்பாற்றும் அதிகாரம் மட்டும் நம்மிடம் இல்லை. ஒப்பந்தத்தை அமல்படுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, கடைசியில் நிலமும் அவர் கைக்குத்தான் போகும். பஞ்சமி நிலம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

இனி ஒரகடத்துக்கு வருவோம். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் வளர்ந்தன. உள்ளே கம்பெனி, வெளியே மனைப்பிரிவு. அங்கீகாரம் இல்லாமல் விளைநிலத்தை மனை போட்டுப் பதிவு செய்வதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டே பழைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டுவந்தது.

என் அத்தை ஒருவர் இந்தப் பக்கம்தான். முப்பது ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் நிலத்தில் நடவு, களையெடுப்பு, அறுப்பு. நிலம் விலைபோனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வந்த பணத்தில் மாடி கட்டி, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். அத்தைக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது, அதுவும் கான்ட்ராக்டில். "வயல் போனது வருத்தமா அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்குடா வருத்தம்? அந்த வரப்புல செருப்புப் போட்டு நடந்ததில்ல நானு. இங்க எல்லாரும் ஒரே தட்டுல சாப்புடுறோம். ஆனா அம்பத்தஞ்சு வயசாச்சுன்னு நாளைக்கு வராதன்னா, எங்கடா போவேன்?" என்றார்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே கேளுங்கள். விவசாயத்தைக் காப்போம் என்று வருபவர்கள் முதல் வாக்கியத்தைக் கேட்பதில்லை. பச்சை வயல் அவர்களுக்கு அழகு, நமக்கு அது ஆண்டையின் வரப்பு. வளர்ச்சி என்று வருபவர்கள் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்பதில்லை. நிலம் விற்ற காசு நிலம் வைத்திருந்தவருக்கு அடுத்த தலைமுறைக்கும் வருமானம் ஆனது. நிலம் இல்லாதவர் கூலியிலிருந்து கூலிக்கே மாறினார். தொழிற்சாலை சாதியைக் கொஞ்சம் தளர்த்தியது, மறுக்கவில்லை. ஆனால் பழைய நில உடைமையை அது பணமாக மாற்றிக் கொடுத்தது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 2013ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில், பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் பட்டாதாரர் மட்டும் இல்லை. மூன்று ஆண்டுகளாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியும் குத்தகைதாரரும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். யார் யார் என்று கணக்கெடுக்க, சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒரு கட்டத்தையும் அது வைத்தது. தமிழ்நாடு என்ன செய்தது? தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த நடைமுறையிலிருந்து விலக்கித் திருத்தம் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டமன்றம் உடனே புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இழப்பீடு, மறுவாழ்வு என்ற சொற்கள் இருக்கின்றன. ஆனால் கணக்கெடுப்பே இல்லை என்றால் என் அத்தை எந்தப் பட்டியலில் வருவார்? ஆட்சிகள் மாறின, இந்த விஷயத்தில் கொள்கை மாறவில்லை.

பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று 2020இல் வந்தது, வேளாண் மண்டலச் சட்டம். அது காவிரி டெல்டாவுக்கு மட்டும். காஞ்சிபுரத்து ஏரிப் பாசனம் அதில் இல்லை. 2023இல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் அதற்குள் வரும் நீர்நிலைகளையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்தது. பக்கத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டதை நீங்கள் பார்த்தீர்கள். கிராம சபை சொல்வதற்கு என்ன மதிப்பு என்பதையும் பார்த்தீர்கள்.

பக்கத்து மாநிலத்தில் என்ன செய்தார்கள்? கேரளம் 2008இல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2020இல் நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. இந்தியாவில் தம்பி கேட்ட ஏற்பாட்டுக்கு மிக நெருக்கமானது அதுதான். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தத் தொகையும் உடைமையாளருக்கு. கேரளத்தின் புகழ்பெற்ற நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரருக்கு வயலைக் கொடுத்தது, தலித் கூலிக்குக் குடிசை இருந்த சில சென்ட் மனையைத்தான் கொடுத்தது. அதனால்தான் 2007இல் செங்கரையில் நிலமற்றவர்கள் ரப்பர் தோட்டத்துக்குள் குடிசை போட்டார்கள். கேரளத்திலேயே குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறார்கள். தெலங்கானா ஜஹீராபாத் பக்கம் தலித் பெண்கள் சங்கம் வைத்துச் சிறுதானியம் விளைவிக்கிறார்கள். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: ஒப்பந்தம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரிக்குக் கீழே மிச்சமிருக்கும் நஞ்சை போனால் வெள்ளம் முதலில் வருவது காலனிக்குத்தான், தெரியும். ஆனால் நம் நிபந்தனைகள் இவை.

முதலில் பதிவேட்டைத் திற. யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபையில் வாசி. டி.சி. நிலம் எது என்று தெரியாமல் எந்த நிலத்தோடும் ஒப்பந்தம் போட்டால், பறித்தவருக்கே பாதுகாப்புப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகும்.

இரண்டாவது, கையெழுத்து மூன்றாக வேண்டும்: உடைமையாளர், அரசு, உழைப்பவர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதன்படி பதிவு நடக்க வேண்டும். ஊக்கத்தொகை கொடுத்தால் அதில் ஒரு பங்கு கூலித் தொழிலாளர் பெயருக்கு நேராகப் போக வேண்டும்.

மூன்றாவது, மீட்கும் பஞ்சமி நிலத்தையும் தரிசையும் தனித்தனித் துண்டாகக் கொடுத்து மறுபடி கடனுக்குப் பறிகொடுக்க வைக்காதே. நிலமற்ற தலித் பெண்களின் கூட்டுக்குக் கொடு. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது பாபாசாகேப் அம்பேத்கர் கேட்டதும் இந்தத் திசையில்தான். நிலம் அரசின் உடைமை, சாதி மத வேறுபாடு இல்லாமல் கூட்டுப் பண்ணைக்குக் குத்தகை என்று அவர் திட்டம் வைத்தார்.

உங்களில் பாதிப் பேர் ஷிப்டு முடித்து, சீருடையோடு வந்திருக்கிறீர்கள். வயல் உங்கள் அம்மாக்கள் விட்டு வந்த இடம். அங்கே கூலியாகத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊரின் பழைய அ-பதிவேட்டு நகலுக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். அந்த டி.சி. என்ற இரண்டு எழுத்து எந்தெந்தச் சர்வே எண்ணில் இருந்தது என்று தேடுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு போங்கள். இந்த மண்ணில் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் நிலுவையில் இருக்கிறது. அதை முதலில் நிறைவேற்றச் சொல்வோம்.