செய்யாறு தண்ணி எங்கே சேமிக்கப்படுது?

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாராம். "அண்ணா, இந்தியாவோட முக்கிய நதிகளைப் பத்தி ஒரு எபிசோட் போடுங்க. எது எங்க பிறக்குது, எத்தனை கிலோமீட்டர், எங்க கடல்ல சேருதுன்னு எவ்வளவு படிச்சாலும் மண்டையில நிக்க மாட்டேங்குது"ன்னு கேட்டார்.

சரி தம்பி, முதல்ல உங்களுக்கு வேணுங்கறதைச் சொல்லிடறேன். கங்கை 2,525 கிலோமீட்டர், இமயமலையில கங்கோத்ரி பனிப்பாறையில தொடங்குது. கோதாவரி 1,465, நாசிக் பக்கத்துல திரியம்பகேஸ்வர். கிருஷ்ணா 1,400, மகாபலேஸ்வர். காவிரி சுமார் 800, குடகுல தலைக்காவிரி. இந்த நாலும் வங்காள விரிகுடாவுல சேருது. நர்மதையும் தபதியும் மேற்கே போய் அரபிக்கடல்ல விழுது. தபதியை மறந்துடாதீங்க, பரீட்சையில அதைத்தான் கேப்பாங்க.

இதை மனப்பாடம் பண்றதைவிட ஒரு கேள்வியை மனசுல வெச்சுக்கிட்டா எல்லாம் தானா ஞாபகம் இருக்கும். மழை நின்னதுக்கு அப்புறமும் இந்த ஆத்துல தண்ணி எங்கேயிருந்து வருது? அதாவது, இந்த ஆத்தோட உண்டியல் எது?

கங்கைக்கு உண்டியல் பனி. சித்திரை வெயில்ல நம்ம ஊர் காய்ஞ்சு கிடக்கறப்போ, அங்க அந்த வெயிலே பனியை உருக்கித் தண்ணியாக் குடுக்குது. கோதாவரி, கிருஷ்ணா, காவிரிக்கு உண்டியல் மேற்குத் தொடர்ச்சி மலை. கோதாவரி பிறக்கற இடத்துலேர்ந்து அரபிக்கடல் சுமார் 80 கிலோமீட்டர்தான். பக்கத்துல இருக்கற கடலை விட்டுட்டு, தக்காண பூமி கிழக்கே சரிஞ்சு கிடக்கறதால, அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு 1,465 கிலோமீட்டர் நடந்து இந்தப் பக்கம் வருது. தென்மேற்குப் பருவமழை அந்த மலையில மோதிக் கொட்டறதும், காடு அதைப் பிடிச்சு வெச்சு மெதுவா விடறதும்தான் அதுக்கு மூலதனம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரங்களுக்கு ஆறுன்னா பாலாறு. கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பிறக்குது. மொத்தம் 348 கிலோமீட்டர். கர்நாடகாவுல 93, ஆந்திராவுல 33, மீதி 222 தமிழ்நாட்டுல. கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்கிட்ட கடல்ல சேருது. உத்திரமேரூர்க்காரங்களுக்கு அதைவிட நெருக்கம் செய்யாறு. ஜவ்வாது மலையில பிறந்து, திருவண்ணாமலை மாவட்டம் முழுக்கச் சுத்திட்டு, நம்ம ஊருக்கு வடக்கே திருமுக்கூடல்ல பாலாத்தோட சேருது. வேகவதியும் அங்கேயே வந்து சேர்றதாலதான் அந்த ஊருக்கு முக்கூடல்னு பேரு.

பாலாத்துக்கு உண்டியல் எது? பனி கிடையாது. மேற்கு மலையில பிறக்கவும் இல்ல. நந்தி மலை இருக்கறது மழை மறைஞ்சு போன காய்ஞ்ச மேட்டுல. செய்யாத்துக்கு ஜவ்வாது மலை இருக்கு, ஆனா அது குடகு இல்ல. மழை பேஞ்சா ஆறு பொங்கும், நின்னா நாலஞ்சு வாரத்துல மணல்தான். 2021 நவம்பர்ல வாலாஜா பக்கத்து பாலாறு அணைக்கட்டுல விநாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல போச்சு. அந்த வேகத்துல போனா 3 மணி நேரத்துக்குள்ள 1 டிஎம்சி. அடுத்த சித்திரையில அதே ஆத்துல பசங்க கிரிக்கெட் ஆடினாங்க.

அதனால இந்த ஆத்துக்கான உண்டியலை மனுஷங்களேதான் செய்ய வேண்டியிருந்தது. ஏரி. இன்னிக்கு காஞ்சிபுரம், செங்கல்பட்டு ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து நீர்வளத்துறை கணக்குல வர்ற ஏரியே 900-க்கும் மேல. சின்ன ஏரி, தாங்கல் எல்லாம் தனி. வரைபடத்துல பாலாறு ஒரு கோடு. நிலத்துல பாத்தீங்கன்னா அது ஒரு மரம், கிளை நுனியில எல்லாம் ஒரு ஏரி தொங்கும்.

உத்திரமேரூர் ஏரியையே எடுத்துக்கோங்க. கல்வெட்டுல அதுக்கு வைரமேக தடாகம்னு பேரு. பல்லவர் காலத்து ஏரி, ஆயிரத்து நூறு வருஷத்துக்குக் குறையாது. அனுமந்தண்டலத்துல செய்யாத்துக்குக் குறுக்கே அணைக்கட்டு. அங்கேயிருந்து கால்வாய் வழியா தண்ணி ஏரிக்கு வரணும். ஏரி ரொம்பினா ஐயாயிரம் ஏக்கருக்கு மேல பாயும். எங்க வீட்டு நிலமும் அந்த ஆயக்கட்டுலதான், அதுவும் கடைமடையில.

சின்ன வயசுல ஐப்பசி வந்தா வீட்டுல ஒரே கேள்விதான்: "செய்யாத்துல தண்ணி வந்துச்சா?" நான் சைக்கிள்ல போய்ப் பாத்துட்டு வந்து, "ரெண்டு கரையும் தொட்டுப் போவுதுப்பா"ன்னு சொல்லுவேன். அப்பா சந்தோஷப்பட மாட்டார். "ஆத்துல போனா யாருக்குடா? கால்வாய்ல வந்துச்சா, அதைச் சொல்லு"ம்பார். எனக்கு அப்ப எரிச்சலா இருக்கும். அவ்வளவு பெரிய வெள்ளத்தைப் பாத்துட்டு வந்து சொல்றேன், இவர் ஒரு வாய்க்காலைக் கேக்கறாரேன்னு.

அவர் கேட்டது சரி. ஏரி கோடி போச்சுன்னா சம்பாவும் உண்டு, அதுக்கப்புறம் நவரையும் உண்டு. பாதி ஏரின்னா சம்பாவோட சரி. கால்வாய்ல புதர் மண்டி, கரை உடைஞ்சு கிடந்தா, ஆத்துல ஒரு லட்சம் கனஅடி போனாலும் எங்க மதகுக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு வருஷம் அப்படித்தான் ஆச்சு. ஆத்துல நல்ல வெள்ளம். எங்க வாய்க்காலை நடுவுல ஒருத்தர் தூத்து வேலி போட்டிருந்தார். மனு எழுதி எழுதி அப்பாவோட கையெழுத்து அழகாச்சு, வாய்க்கால் வரல. அந்த நவரைக்கு நாங்க நாத்தே விடல. ரெண்டு மாட்டை வித்தோம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கற குடவோலைக் கல்வெட்டைப் பத்தி நம்ம ஊர்ல சொல்லாத மேடை கிடையாது. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்பு, ஓலை, குடம் எல்லாம் சொல்லுவாங்க. அது எல்லாரும் ஓட்டுப் போட்ட தேர்தல் இல்ல. சதுர்வேதிமங்கலத்துச் சபை, நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவங்களுக்கு மட்டும். அதை மறைச்சுப் பெருமை பேசறதுல எனக்கு விருப்பமில்ல. ஆனா மேடையில யாரும் நிறுத்திச் சொல்லாத ஒரு விஷயம் அதுல இருக்கு. அந்தக் குடத்துலேர்ந்து தேர்ந்தெடுத்த ஆட்கள்ல 6 பேர் ஏரி வாரியம். வருஷம் பூரா ஏரியைப் பாத்துக்கறதுதான் அவங்க வேலை. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனோட நெருங்கின சொந்தக்காரங்களும் வர முடியாது. உண்டியல் சாவியை யார்கிட்ட குடுக்கறோம்னு அவ்வளவு கவலைப்பட்டிருக்காங்க.

ஏரி ஒரு உண்டியல்னா, இன்னொண்ணு மணல். பாலாத்துல தண்ணியே போகலன்னு நினைக்கறோம் இல்லையா, போகும், மணலுக்கு அடியில. அந்தத் தண்ணியை எடுக்க நம்ம முன்னோர்கள் பம்ப்செட் வெக்கல. ஆத்து மணல்ல மேலேயிருந்து கீழ்நோக்கி நீளமா ஒரு கால் வெட்டுவாங்க. ஆறு சாயற அளவுக்குக் கால் சாயாது, கொஞ்சம் குறைவாச் சாயும். போகப் போக ஊத்துத் தண்ணி மட்டத்துக்கு மேல வந்து, தானா கரையேறி வயலுக்கோ ஏரிக்கோ போயிடும். இதுக்கு ஊற்றுக்கால்னு பேரு. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அது தூந்து போகும். தை மாசம் ஊரே சேர்ந்து வீட்டுக்கு ஓர் ஆள் போய் மறுபடி வெட்டும். மின்சாரம் கிடையாது, டீசல் கிடையாது. சித்திரை, வைகாசியில சொர்ணவாரிப் பயிர் வெச்சதெல்லாம் இந்தத் தண்ணியிலதான்.

ஊற்றுக்கால் வேலை செய்யணும்னா ஒரே ஒரு நிபந்தனைதான்: ஆத்துப்படுகை வயலைவிட ரொம்பப் பள்ளமா இருக்கக் கூடாது. மணலை அள்ளி அள்ளிப் படுகை இறங்கிடுச்சு. ஊத்துத் தண்ணி மட்டமும் கூடவே இறங்கிடுச்சு. எவ்வளவு நீளமாக் கால் வெட்டினாலும் இனிமே அது கரையேறாது. சில இடத்துல மணலே போய்க் களிமண் தெரியுது. களிமண்ணுல ஊத்து ஏது? மணல் லாரி போகும்போது அதுலேர்ந்து ரோடு முழுக்கத் தண்ணி சொட்டிக்கிட்டே போகும், பாத்திருப்பீங்க. நம்ம சொர்ணவாரிதான் அப்படிச் சொட்டிக்கிட்டுப் போச்சு.

விவசாயம் மட்டும்னு நினைக்காதீங்க. தாம்பரம், பல்லாவரம் பக்கம் குழாயில வர்ற பாலாத்துத் தண்ணி, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் போற நல்ல தண்ணி, எல்லாமே இந்த மணலுக்கு அடியில இருக்கற கிணத்துலேர்ந்துதான். 'செத்த ஆறு'ன்னு சொல்லிக்கிட்டே அதோட தண்ணியைத்தான் குடிக்கறோம்.

மேல ஆந்திராவுல கட்டின தடுப்பணைகளைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. அது நிஜமான பிரச்சனைதான். 1892-ல சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் போட்ட ஒப்பந்தத்துலயே பாலாறு இருக்கு. 2006-ல தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்கும் போச்சு. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் கழிவு பத்தி 1996-ல வந்த தீர்ப்பு தனி எபிசோடுக்கான விஷயம். ஆனா செய்யாத்துல ஆந்திராவும் இல்ல, கர்நாடகாவும் இல்ல. பிறக்கறதும் சேர்றதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அனுமந்தண்டலத்துலேர்ந்து நம்ம ஏரி வரைக்கும் இருக்கற கால்வாயைத் தூத்ததுக்கு எந்த முதலமைச்சர் மேல கேஸ் போடறது?

நல்ல செய்தியும் இருக்கு. பழையசீவரம், வயலூர்னு பாலாத்துலயே தடுப்பணைகள் வந்திருக்கு. தண்ணி கொஞ்சம் நின்னு மணலுக்குள்ள இறங்கினா பக்கத்துக் கிணறு ஊறும். முடிஞ்சா மாட்டுப் பொங்கலுக்கு அந்தப் பக்கம் போங்க. காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் மலைக்கு வந்து, அங்கேயிருந்து ஆத்தைத் தாண்டித் திருமுக்கூடல் வருவார். திருமுக்கூடல் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 15 படுக்கை வெச்ச ஆதுலர் சாலையைப் பத்தி. அதையும் படிச்சுட்டு, அப்படியே படித்துறையில நின்னு மூணு ஆறும் சேர்ற இடத்தைப் பாருங்க. பல வருஷம் பாலாத்துப் பக்கம் வெறும் மணலாவும் செய்யாத்துப் பக்கம் தண்ணியாவும் இருக்கும்.

தம்பி, உங்களுக்கு ஒரு வேலை. பரீட்சை முடிஞ்சதும் உங்க ஊர் ஏரிக்குத் தண்ணி எந்த வழியா வரணும்னு பெரியவங்ககிட்ட கேட்டு, அந்தக் கால்வாய்ல முழுசா ஒரு தடவை நடந்து பாருங்க. எங்க தடம் காணாமப் போகுதோ அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. மத்தவங்களும் அனுப்பலாம். அடுத்த எபிசோட்ல அதையெல்லாம் வெச்சுக்கிட்டு ஊர் வாரியாப் பேசுவோம்.