கோப்பையைக் கொடுக்கும் வரை உட்கார்ந்திருப்போம்

(2024 ஆகஸ்ட் 15 அன்று நம் சங்கத்தின் சுதந்திர தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



டி20 உலகக் கோப்பையை ஜெயித்து ஒன்றரை மாதம் ஆகிறது, அதைப் பற்றி ஒரு பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். சந்தோஷமாகப் பேசுகிறேன். ஆனால் அந்த ஒரு பைனலை மட்டும் தனியாக எடுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஏழு மாதம் முன்னால் நடந்த இன்னொரு பைனலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 2023 நவம்பர் 19, அகமதாபாத். 2024 ஜூன் 29, பார்படாஸ். இரண்டையும் நாம் இதே ஹாலில், இதே திரையில்தான் பார்த்தோம். ஒன்றில் தோற்றோம், ஒன்றில் ஜெயித்தோம். இரண்டும் சொல்கிற பாடம் ஒன்றே என்பது என் எண்ணம்.

முதலில் ஐம்பது ஓவர் உலகக் கோப்பையின் அமைப்பைப் பாருங்கள். பத்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பது அணிகளோடும் ஒரு முறை மோதும். ஆக 45 லீக் ஆட்டங்கள். பிறகு இரண்டு அரையிறுதி, ஒரு பைனல். மொத்தம் 48. இதில் 45 ஆட்டங்கள் மன்னிக்கும். கடைசி மூன்றும் மன்னிக்காது.

மன்னிக்கும் என்று ஏன் சொல்கிறேன்? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அவர்களுடைய முதல் ஆட்டம் அக்டோபர் 8, நம் சேப்பாக்கத்தில். 199 ரன்னில் சுருண்டார்கள். நாமும் 2 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்து பயந்துபோனோம். பிறகு கோலி 85, ராகுல் 97 அடித்துக் கரை சேர்த்தார்கள். அடுத்து லக்னோவில் தென்னாப்பிரிக்காவிடம் ஆஸ்திரேலியாவுக்கு 134 ரன் வித்தியாசத்தில் தோல்வி. "இந்தத் தடவை அவங்க அவ்வளவுதான் சார்" என்று நம் வாக்கிங் கோஷ்டி தீர்ப்பே எழுதிவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. தொடர்ந்து ஒன்பது வெற்றி.

நாமோ லீக்கில் ஒன்பதுக்கு ஒன்பது. அரையிறுதியையும் சேர்த்தால் பத்துக்குப் பத்து. நவம்பர் 15, வான்கடே ஆட்டம் நினைவிருக்கிறதா? நாம் 397. கோலிக்கு ஒருநாள் ஆட்டங்களில் ஐம்பதாவது சதம், ஷ்ரேயாஸ் ஐயருக்கும் ஒரு சதம். இனி என்ன இருக்கிறது என்று பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டோம். திரும்பி வந்தால் நியூசிலாந்து 2 விக்கெட்டுக்கு 220. வில்லியம்சனும் மிட்செலும் சேர்ந்து 181 ரன் எடுத்துவிட்டார்கள். ஹாலில் யாரும் மூச்சு விடவில்லை. வில்லியம்சன் கொடுத்த சுலபமான கேட்ச் ஒன்றை ஷமி ஏற்கெனவே விட்டிருந்தார். அதே ஷமி வந்து ஒரே ஓவரில் வில்லியம்சனையும் லேதமையும் வெளியே அனுப்பினார். அன்று அவருக்கு 57 ரன்னுக்கு 7 விக்கெட். 70 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

மறுநாள் ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்கா 24 ரன்னுக்கு 4 விக்கெட். மில்லர் ஒற்றை ஆளாக 101 அடித்து அணியை 212க்குக் கொண்டுபோனார். அதைத் துரத்தவே ஆஸ்திரேலியாவுக்கு 7 விக்கெட் போனது. கடைசியில் பேட் பிடித்துக் கரை சேர்த்தவர்கள் ஸ்டார்க்கும் கம்மின்ஸும், இரண்டு பேரும் பந்துவீச்சாளர்கள்.

பைனலுக்கு வருவோம். தோற்ற பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த காரணங்களை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. டாஸ் போச்சு, பிட்ச் சரியில்லை, கூட்டம் அதிகம், ஏ பிளாக் மாமா வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. மாமா மன்னிக்க வேண்டும், இதை நான் சொல்லவில்லை, குழுவில் வந்தது.

உண்மையில் நடந்தது என்ன? பத்து ஓவரில் 80 ரன் எடுத்திருந்தோம். அதற்குப் பிறகு மீதி நாற்பது ஓவரில் நாம் அடித்த பவுண்டரி மொத்தமே நான்கு. நடுவில் 16 ஓவருக்கும் மேல் ஒரு பவுண்டரிகூட இல்லை. பந்து மெதுவாக வருகிற பிட்சில் கம்மின்ஸ் ஓவருக்கு ஓவர் ஆளை மாற்றி, ஃபீல்டரை மாற்றி, ரன் வரும் வழியை ஒவ்வொன்றாக அடைத்தார். ரோகித் தூக்கி அடித்த பந்தைப் பின்பக்கமாக ஓடிப் பிடித்தார் டிராவிஸ் ஹெட். 240ல் முடிந்தோம். அப்போதும் நம்பிக்கை இருந்தது. ஆஸ்திரேலியா 47க்கு 3 விக்கெட். இந்த ஹாலே குதித்தது. அதன் பிறகு ஹெட் 137, லபுஷேன் அவுட்டாகாமல் 58. 43வது ஓவரில் ஆட்டம் முடிந்தது.

அந்த ஹெட்டுக்கு செப்டம்பரில் கை எலும்பு முறிந்திருந்தது. முதல் பல ஆட்டங்களுக்கு வர முடியாது என்று தெரிந்தும் அவருக்கான இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு அணி இரண்டு மாதம் முன்னால் எடுத்த முடிவு நவம்பர் 19 ராத்திரி பலித்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா?

பத்து ஆட்டம் ஜெயித்த நம் அணிதான் அந்தத் தொடரின் சிறந்த அணி என்று நான் இன்றும் நினைக்கிறேன். கோலி அந்த ஒரு தொடரில் 765 ரன். ஷமி ஏழே ஆட்டத்தில் 24 விக்கெட். இவையெல்லாம் ஒரு ராத்திரியில் பொய்யாகிவிடாது. அதே சமயம் கோப்பைக்குத் தகுதியான அணி ஆஸ்திரேலியா என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளத் தெரிந்தால்தான் நாக் அவுட் ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்க முடியும். நம் வீட்டுப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க மாதத் தேர்வில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை, பொதுத் தேர்வில் ஒரு நாள் தடுமாறினால் படிக்காத பிள்ளை ஆகிவிடுமா? அதற்காக அன்று நன்றாக எழுதிய பிள்ளை காப்பியடித்தது என்று சொல்வோமா?

இனி பார்படாஸ். இங்கே கணக்கு அப்படியே தலைகீழ். தென்னாப்பிரிக்கா எட்டுக்கு எட்டும் ஜெயித்து வந்திருந்தது. அவர்களுடைய ஆண்கள் அணி உலகக் கோப்பை பைனலுக்கு வந்ததே அதுதான் முதல் முறை. நாம் 34க்கு 3 விக்கெட். அதுவரை தொடர் முழுக்க 75 ரன் மட்டுமே எடுத்திருந்த கோலி அன்று 76 அடித்தார். அக்சர் 47. மொத்தம் 176. பிறகு அக்சர் வீசிய 15வது ஓவரில் கிளாசன் விளாச 24 ரன் போனது. மீதி 30 பந்து, தேவை 30 ரன், கையில் 6 விக்கெட். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த நிமிடம் இந்த ஹாலில் எத்தனை பேர் நம்பினோம்? இரண்டு வரிசை எழுந்து போயேவிட்டது.

பும்ரா வந்தார், 4 ரன். ஹர்திக் பந்தில் கிளாசன் அவுட், அந்த ஓவரிலும் 4 ரன். மறுபடி பும்ரா, 2 ரன் கொடுத்து ஒரு விக்கெட். அர்ஷ்தீப், 4 ரன். கடைசி ஓவரில் 16 தேவை. முதல் பந்தையே மில்லர் தூக்கினார். எல்லைக் கயிற்றுக்கு அருகே சூர்யகுமார் பிடித்து, உள்ளே மேலே எறிந்து, வெளியே போய்த் திரும்பி வந்து மறுபடி பிடித்தார். 7 ரன்னில் ஜெயித்தோம். எழுந்து போனவர்கள் சத்தம் கேட்டுப் படியில் ஓடி வந்தார்கள்.

இதில் நம் திறமை இருந்ததா? கண்டிப்பாக இருந்தது. அந்த நான்கு ஓவரைப் போலப் பந்து வீச எல்லோராலும் முடியாது. ஆனால் அந்தப் பந்து இன்னும் ஓரடி தள்ளிப் போயிருந்தால் சிக்சர். சூர்யாவின் கால் கயிற்றில் பட்டதா என்று தென்னாப்பிரிக்க ரசிகர்கள் சிலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் அகமதாபாத்தைப் பற்றிப் பேசியது போலவே அவர்கள் பார்படாஸைப் பற்றிப் பேசுகிறார்கள். நமக்கு வந்தால் திறமை, எதிராளிக்கு வந்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு தராசு கிடையாது. பார்படாஸை நியாயமான வெற்றி என்று கொண்டாடினால், அகமதாபாத்தையும் நியாயமான தோல்வி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தென்னாப்பிரிக்க ரசிகரின் நிலையை ஒரு நிமிடம் யோசியுங்கள். 1992 சிட்னி அரையிறுதியில் 13 பந்தில் 22 ரன் என்றிருந்த கணக்கு, மழை நின்றதும் ஒரே பந்தில் இருபதுக்கும் மேல் என்று மாறியது. 1999 எட்ஜ்பாஸ்டன் அரையிறுதியில் இரண்டு அணியும் 213, கடைசி ஜோடி ஓடுவதா நிற்பதா என்று குழம்பி ரன் அவுட். டையாகியும் வெளியேறினார்கள். நியூசிலாந்தின் கதை இன்னும் பாவம். 2019ல் லீக்கில் முதலிடம் பிடித்த நம்மை அரையிறுதியில் தோற்கடித்துவிட்டு லார்ட்ஸுக்குப் போனார்கள். ஐம்பது ஓவரும் டை, சூப்பர் ஓவரும் டை. பவுண்டரி எண்ணிக்கை 26க்கு 17 என்று சொல்லிக் கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். பிறகு அந்த விதியையே மாற்றினார்கள். ஆனால் அன்று வில்லியம்சன் சிரித்துக்கொண்டே கை கொடுத்ததை உலகமே பார்த்தது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். அகமதாபாத் பைனலுக்கு முந்தின நாள் கம்மின்ஸ் ஒன்று சொன்னார். பெரிய கூட்டம் அப்படியே அமைதியாவதைக் கேட்பதை விடத் திருப்தி வேறில்லை என்ற மாதிரி. மறுநாள் தொண்ணூறாயிரம் பேருக்கும் மேல் வந்திருந்தார்கள். அமைதியானார்கள். அதில் தவறில்லை, நம் அணி தோற்கும்போது நாம் ஏன் சத்தம் போட வேண்டும்? ஆனால் கோப்பையைக் கொடுக்கும்போது இருக்கைகள் பெருமளவு காலியாக இருந்தனவே, அதுதான் எனக்கு உறுத்தியது. நம் ஹாலிலும் அன்று நிலைமை அதேதான். நூறு நாற்காலி போட்டிருந்தோம். கடைசியில் இருபது பேர் இல்லை. சி பிளாக்கில் நான்காவது படிக்கிற பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து, "அங்கிள், இன்னும் கப்பே குடுக்கல, ஏன் எல்லாரும் போறாங்க?" என்று கேட்டான். தோற்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அவன் அன்று நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான்.

சென்னைக்காரர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம் டெஸ்ட். பாகிஸ்தானுக்கு எதிராக 271 எடுக்க வேண்டும். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்தும் 258ல் முடிந்து 12 ரன்னில் தோற்றோம். அழுதவர்கள் நிறைய. ஆனாலும் வாசிம் அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்தச் சேப்பாக்கமும் எழுந்து நின்று கை தட்டியது. போன அக்டோபரில் அதே மைதானத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை வீழ்த்திச் சுற்றி வந்தபோதும் நம் மக்கள் கை தட்டினார்கள். மைதானத்தில் இருக்கிற அந்தப் பழக்கம் நம் ஹாலுக்கும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். செலவு ஒன்றும் இல்லை. ஒன்று, இனி எந்தப் பைனலைத் திரையிட்டாலும், யார் ஜெயித்தாலும், கோப்பையைக் கையில் கொடுக்கும் வரை திரையை அணைக்க வேண்டாம். பெரியவர்கள் நாம் உட்கார்ந்திருப்போம், ஜெயித்தவர்களுக்கு ஒரு தடவை கை தட்டிவிட்டு எழுந்திருப்போம். பிள்ளைகள் தானாகவே உட்காருவார்கள்.

இரண்டு, அக்டோபரில் பெண்கள் டி20 உலகக் கோப்பை வருகிறது. அதன் அரையிறுதியையும் பைனலையும் இதே திரையில் போடுங்கள். 2017ல் லார்ட்ஸ் பைனலில் 3 விக்கெட்டுக்கு 191 என்று ஜெயிக்கிற இடத்தில் இருந்து 219க்கு ஆட்டமிழந்து 9 ரன்னில் தோற்றது நம் பெண்கள் அணி. அதற்கு முந்தைய அரையிறுதியில் ஹர்மன்பிரீத் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடித்த 171ஐ நம்மில் எத்தனை பேர் நேரலையில் பார்த்தோம்? கீழே பிள்ளைகளோடு சேர்ந்து பந்து போடுகிற நம் பெண் குழந்தைகளும் இந்தத் திரையில் தங்களைப் போன்றவர்களைப் பார்க்க வேண்டாமா?

கடைசியாக ராகுல் டிராவிட். 2007ல் அவர் கேப்டனாக இருந்தபோது மேற்கிந்தியத் தீவுகளில்தான் நம் அணி உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அகமதாபாத்தில் தோற்றபோது பயிற்சியாளர் அவர்தான். பார்படாஸில் கோப்பையைத் தூக்கியதும் எப்போதும் அமைதியாக இருக்கும் அந்த மனிதர் கத்தினாரே, பார்த்தோம் அல்லவா? தோற்ற ஆட்டங்கள் முடியும் வரை களத்தில் நின்றவருக்குத்தான் அப்படிக் கத்த முடியும். நாமும் கடைசி வரை நிற்போம்.

டிபன் ஆறுகிறது என்று சைகை காட்டுகிறார்கள்.