குடைக்குக் கீழே யார் யார்?

(மயிலத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'கிராமக் குடும்பமும் காப்பீடும்'. நான் கணித ஆசிரியர். காப்பீட்டு முகவர் அல்லன். உங்களிடம் படிவம் எதையும் நீட்டப் போவதில்லை, நிம்மதியாக உட்காரலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன், அப்பாவின் பைக்கில் டியூஷனுக்குப் போனான். வழியில் மாடு ஓட்டிவந்த பெரியவர் மீது மோதிவிட்டான். பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பையனுக்கு வயது 15. வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வைத்தியச் செலவுக்குக் கறவை மாடுகள் இரண்டும் போயின. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு வழக்கு. அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை.

அவன் ஏன் சேரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்டேன். ஆனால் அதற்கு முன்பு தினமும் பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவன் வண்டியை நிறுத்துவதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று இங்கே பேச ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

காப்பீடு என்றால் நமக்கு வரும் இழப்புக்கு ஈடு என்றே நினைக்கிறோம். நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கும் காப்பீடு உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டுக் காப்பீடு, கார் காப்பீடு ஆகியவற்றுக்கு மேலே 'குடைக் காப்பீடு' என்று ஒன்றை எடுக்கிறார்கள். பிறருக்குத் தர வேண்டிய இழப்பீடு கீழுள்ள காப்பீட்டின் வரம்பைத் தாண்டினால், மிச்சத்தை அது கொடுக்கும். நம் ஊரில் அப்படி ஒரு பாலிசி எடுத்தவரை நான் பார்த்ததில்லை. நம் வீடுகளில் இருக்கும் ஒரே குடை, வண்டிக்கான மூன்றாம் நபர் காப்பீடுதான்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 146, இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு 2022 ஜூனில் வந்த விகிதப்படி ஆண்டுக்கு 714 ரூபாயும் அதன்மேல் வரியும். நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள், இரண்டு ரூபாய். உயிரிழப்புக்கோ காயத்துக்கோ தீர்ப்பாயம் பல லட்சம் விதித்தாலும் நிறுவனம் கட்டும். பொருட்சேதத்துக்கு மட்டுமே உச்சவரம்பு.

காப்பீடு இல்லாவிட்டால்? அந்தத் தொகை முழுவதும் வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். கட்டாவிட்டால், பிரிவு 174இன்படி தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பி, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் செய்யலாம். அரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை வைத்திருப்பவருக்கு இதன் பொருள் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குடையிலும் ஓட்டைகள் உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, டிராக்டர். விவசாயத்துக்கென்று காப்பீடு செய்த டிராக்டரின் டிரெய்லரில் ஆட்களை ஏற்றினால், அவர்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறுவனமே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்ட வழக்குகளும் உண்டு. எப்படியானாலும் கடைசியில் கட்டுபவர் உரிமையாளர்தான். கரும்பு வெட்டுக்கும், பங்குனி உத்திரத்துக்கு நம் மயிலம் மலைக்கும் டிராக்டரில் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அதில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இரண்டு, பைக்கின் பின்னால் உட்காருபவர். வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் அவருக்குப் பாதுகாப்பு இல்லை. நம்மில் எத்தனை பேர் சக ஆசிரியரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து வருகிறோம்? அவருக்கும் சேர்த்து எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள்.

மூன்று, உரிமம் இல்லாத சிறுவர். காப்பீடு இருந்தாலும், கொடுத்த பணத்தை நிறுவனம் உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கலாம். 2019இல் சேர்க்கப்பட்ட பிரிவு 199ஏ இன்னும் கடுமையானது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

நாம் என்ன செய்யலாம்?

சதவீதம், தனிவட்டி நடத்தும்போது ஒரு பிரீமியக் கணக்குக் கொடுங்கள். வீட்டு வண்டியின் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். நான் இதைச் செய்கிறேன். "சார், எங்க வண்டிக்குப் போன வருஷமே முடிஞ்சிடுச்சு" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தப் பிள்ளையைப் பிறர் முன் கேலிக்கு விடாதீர்கள்; தனியே அழைத்து, அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். கூடவே பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தையும் சொல்லுங்கள்: 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜூன் முதல் தேதிக்குள் புதுப்பிக்கும்போது கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும். இது நம் குடும்பத்துக்கு; மூன்றாம் நபர் காப்பீடு எதிரே வருபவர் குடும்பத்துக்கு. இரண்டும் வேண்டும்.

பள்ளிக்கு வெளியே வண்டி நிறுத்தும் பிள்ளையிடம், "சாவியை யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த உரைக்குத் தயாரானபோது என் வண்டியின் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளும் அதே சாலையில்தான் பள்ளிக்கு வந்துபோனேன். அன்று இரவே கட்டினேன். இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் எடுத்துப் பாருங்கள்.