ஒரே அறையில் மூன்று வகுப்பு

தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் போகிற ஒருவர் எதற்குத் தயாராக வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கான ஆசிரியர் பயிற்சி நிறுவனம் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது. ‘டயட்’ என்று சொன்னால் சட்டென்று புரியும். அங்கேயோ வேறொரு பயிற்சிப் பள்ளியிலோ இரண்டு ஆண்டு பட்டயம் முடித்து, தகுதித் தேர்வும் எழுதி வேலைக்கு வருகிறவர், செங்கம் பக்கத்துக் கிராமத்திலோ ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஓர் ஊரிலோ போய் நிற்பார். அது ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் வியப்பில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். வகுப்பு மட்டும் ஐந்து. கணக்கு எளிது: ஒருவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று, மற்றவருக்கு நான்கு, ஐந்து. அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஆகவே, ஒரே அறையில் பல வகுப்பை, பல நிலையில் உள்ள பிள்ளைகளை நடத்தும் திறமைதான் பயிற்சியின் நடுவில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். இன்று அது ஓரத்தில் இருக்கிறது.

தகுதித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி, பகுதிக்கு 30. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதன்முதலாக இது நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. விடையளிக்க ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அக்டோபரில் மறுதேர்வு வைத்து மூன்று மணி நேரம் கொடுத்ததும் தேறியவர்கள் பல மடங்கானார்கள். இடைப்பட்ட மூன்று மாதத்தில் அவர்கள் நல்லாசிரியர்களாக மாறிவிட்டார்களா என்ன? பாடம் தெரியாதவரை வடிகட்ட ஒரு தேர்வு வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பின்வரிசைப் பிள்ளையின் நோட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவரா என்பதை நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த நோட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எனக்குப் பிடித்த இடமே இதுதான். 43இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 24 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் எழுதியிருக்கும். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. மூன்றிலிருந்து ஏழு போகாது, ஏழிலிருந்து மூன்று போகும். போகிற பக்கமாகக் கழித்து நான்கு போட்டிருக்கிறது. அதற்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. அதற்குத் தேவை இன்னும் பத்துக் கணக்கல்ல. நான்கு பத்துக் கட்டில் ஒன்றை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் காட்டும் குச்சிகள். தமிழிலும் இப்படித்தான். ‘கொடி’ என்பதை ‘கெரடி’ என்று படிக்கும் பிள்ளைக்குக் கொம்பு தெரியும், ககரமும் தெரியும். கொம்பும் காலும் சேர்ந்து ஓர் ஒலி என்பது மட்டும் பிடிபடவில்லை, காலை ரகரமாகப் படித்துவிடுகிறது. அதே பிள்ளை படம் போட்ட பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கவும் செய்யும். புத்தகத்தை மூடி, அதே எழுத்து வரும் வேறு சொல்லைப் பலகையில் எழுதிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பிழைக்குள் இருக்கும் காரணத்தைப் படிக்கும் இந்தப் பழக்கம் பயிற்சிக் காலத்தில் வர வேண்டும். நூறு பழைய நோட்டுகளை முன்னால் வைத்து, ‘இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது?’ என்று வாதாட விட்டாலே பாதி பயிற்சி ஆகிவிடும்.

பல வகுப்பு ஒன்றாக இருப்பது குறைதானே, பள்ளிகளை இணைத்து வகுப்புக்கு ஓர் ஆசிரியரைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். சமவெளியில் சில இடங்களில் அது சரிவரும். மலைக் கிராமத்தில் ஆறு வயதுக் குழந்தையை எத்தனை தூரம் நடக்கவிடுவீர்கள்? இன்னொன்றும் இருக்கிறது: தனி வகுப்பு, தனி ஆசிரியர் என்றாலும் மூன்றாம் வகுப்பில் இருப்போர் எல்லாரும் மூன்றாம் வகுப்பு நிலையில் இருப்பதில்லை. பிழைப்புக்காகக் குடும்பம் வெளியூர் போய்த் திரும்பினால், நடுவில் சில மாதப் பாடம் காணாமல் போயிருக்கும். இதை அரசும் அறியாமல் இல்லை. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையிலிருந்துதான் நம்முடைய செயல்வழிக் கற்றல் பிறந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்கப் போனது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே பிரிக்கிறது. முறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அட்டையை எடுத்துக் கொடுப்பதோடு ஆசிரியர் வேலை முடிந்தது என்று எங்கே ஆனதோ, அங்கே அட்டைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும் ஏணிப்படி வெறும் சுவர்ப்படம் ஆயிற்று. எந்தப் பிள்ளை எந்தப் படியில் ஏன் நிற்கிறது என்று அட்டை சொல்லாது.

இதையெல்லாம் பெரிய பட்டம் படித்தவர் எளிதாகச் செய்துவிடுவார் என்பது இன்னொரு நம்பிக்கை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது, சிறு பிள்ளைகளுக்கென்றே வகுத்த பட்டயப் படிப்புதான் வேண்டும் என்ற தீர்ப்பு அது. சிறியோருக்குக் கற்பிப்பது தனித் தொழில் என்பதை வழக்கு நடத்தித்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது! திறன் வகுப்பறை, காணொளிகளைப் பற்றி அதிகம் பேச நேரமில்லை. ஒரு பக்கம் நான்காம் வகுப்பு காணொளி பார்க்கும்போது மறுபக்கம் ஐந்தாம் வகுப்போடு உட்கார முடிந்தால் அது நல்ல உதவி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடிகாரம் முடிக்கச் சொல்கிறது. பயிற்சி மாணவர்களைக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்புகையில், பேருந்து வசதியுள்ள பெரிய பள்ளிகளோடு நிறுத்தாமல், ஓர் ஈராசிரியர் பள்ளியில் சில வாரமாவது தங்கச் செய்ய வேண்டும். ஒற்றை வகுப்புக்கு நாற்பது நிமிடப் பாடக்குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக, மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று காட்டும் குறிப்பைக் கேட்க வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்குவார்கள் என்று நம்புகிறேன்.