பேணுகிறவர்களின் பந்தயம்



ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26ஆம் தேதி பகல் ஒரு மணிக்குச் சிட்னித் துறைமுகத்தில் பீரங்கி வெடிக்கும். அந்தச் சத்தத்தோடு பாய்மரப் படகுகள் கிளம்பி, துறைமுக வாயிலைத் தாண்டி, வலப்பக்கம் திரும்பித் தெற்கே ஓடும். போய்ச் சேர வேண்டிய ஊர் டாஸ்மேனியாத் தீவின் தலைநகரான ஹோபார்ட். தூரம் 628 கடல் மைல், அதாவது சுமார் 1,160 கிலோமீட்டர். தொலைக்காட்சியில் அன்று நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் முன்னால் பாய்ந்து போகும் நூறு அடிப் படகுகள். நான் பேச வந்தது அவற்றுக்குப் பின்னால் வரும் கூட்டத்தைப் பற்றி. முப்பத்தைந்து அடி, நாற்பது அடி, ஐம்பது அடி நீளமுள்ள படகுகள் அவை. பல படகுகளுக்குள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. மற்ற மாதங்களில் குடும்பத்தோடு ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டு இரண்டு நாள் தங்கிவரப் பயன்படும். அந்தப் படகையே உரிமையாளர் ஆண்டு முழுவதும் தேய்த்து, கழுவி, பழுது பார்த்து, கடைசியில் உலகின் கடுமையான கடற்பந்தயங்களுள் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்துகிறார். பரிசுப் பணம் என்று ஒரு காசு கிடையாது. இருந்தும் ஏன் செய்கிறார்கள்? அதில் கலை எங்கே இருக்கிறது?

இந்தப் பந்தயம் பிறந்த கதையிலேயே பாதி விடை இருக்கிறது. 1945இல், போர் முடிந்த கையோடு, பீட்டர் லூக் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஹோபார்ட்டுக்கு ஓர் உல்லாசப் பயணம் போகத் திட்டமிட்டார்கள். அப்போது சிட்னியில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் இல்லிங்வொர்த்தையும் கூப்பிட்டார்கள். அதைப் பந்தயமாக வைத்தால் வருகிறேன் என்றார் அவர். ஒன்பது படகுகள் புறப்பட்டன. வழியில் புயற்காற்று அடித்துப் படகுகளைச் சிதறடித்தது. இல்லிங்வொர்த்தின் ‘ரானி’ என்ன ஆனதோ என்று கரையில் இருந்தவர்கள் கலங்கிக்கொண்டிருந்தபோது, எல்லோருக்கும் முந்தி வந்து சேர்ந்தது அந்தப் படகுதான். அதற்குப் பிடித்த நேரம் 6 நாள் 14 மணி 22 நிமிடம். 2017இல் ‘கொமாஞ்சி’ என்ற நூறு அடிப் படகு அதே தூரத்தை 1 நாள் 9 மணி 15 நிமிடம் 24 விநாடியில் கடந்தது. வேகம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் உல்லாசப் பயணமும் பந்தயமும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்ற அந்தத் தொடக்கம் இன்னும் மாறவில்லை.

இங்கே வெற்றி இரண்டு வகை. முதலில் முடிவுக்கோட்டைத் தொடும் படகுக்கு ஒரு பெருமை. ஆனால் பந்தயத்தின் தலைமைப் பரிசான டாட்டர்சால் கோப்பை, திருத்திய நேரத்தின்படி வெல்லும் படகுக்குத்தான். ஒவ்வொரு படகையும் அளந்து, எடை பார்த்து, பாயின் பரப்பைக் கணக்கிட்டு, அதற்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். ஒரு பெரிய படகின் எண் 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 60 மணி நேரத்தில் வந்தால் கணக்கில் 72 மணி. சிறிய படகின் எண் 0.95. அது 75 மணி எடுத்தாலும் கணக்கில் 71 மணி 15 நிமிடம்தான். பதினைந்து மணி நேரம் பிந்தி வந்த படகு முக்கால் மணி வித்தியாசத்தில் வென்றுவிடுகிறது. கையில் இருக்கும் படகிடமிருந்து அதனால் முடிந்த முழு வேகத்தையும் யார் வாங்கினார் என்பதே கேள்வி. பழைய படகு வைத்திருப்பவரும் நம்பிக்கையோடு வந்து நிற்கும் பந்தயம் இது.

இதற்கு ‘லவ் அண்ட் வார்’ என்ற படகைவிட நல்ல சாட்சி இல்லை. ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீபன்ஸ் நிறுவனம் வடிவமைத்த 47 அடி மரப் படகு அது. 1973இல் கடலில் இறங்கியது. 1974இலும் 1978இலும் கோப்பையை வென்றது. அதன் பிறகு படகு கட்டும் முறையே மாறிப்போனது. கார்பன் இழையில் இறகுபோல் இலேசான படகுகள் வந்தன. அப்படியிருந்தும் 2006இல், முப்பத்து மூன்று வயதில், அதே குடும்பத்தின் கையில் இருந்த அதே படகு மூன்றாவது முறையாக வென்றது. அந்த ஆண்டு எதிர்காற்று பலமாக அடித்தது. கனமான பழைய வடிவத்துக்கு அது கைகொடுத்தது. ஆனால் காற்று சாதகமாக வரும் நாளில் ஓடுவதற்குப் படகு இருக்க வேண்டுமே! முப்பத்து மூன்று ஆண்டுகள் உளுத்துப்போகாமல் ஒரு மரப் படகைக் காப்பாற்றியது காற்று இல்லை, கைகள். மரப் படகுக்கு உப்புத்தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் பெரிய பகை. மேல்தளத்தின் ஓர் இடுக்கில் தேங்கும் நல்ல தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்கி மரத்தை மக்க வைத்துவிடும். அந்த இடுக்கைத் தேடிப் பிடித்து அடைப்பவர் வேண்டும்.

பராமரிப்பு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு வின்ச்சைப் பார்க்கலாம். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைச் சுற்றி, கைப்பிடி போட்டுச் சுழற்றும் உலோக உருளை அது. நாற்பது அடிப் படகின் முன்பாயில் நல்ல காற்று விழுந்தால், வெறுங்கையால் அந்தக் கயிற்றை இழுக்க முடியாது. வின்ச்தான் தாங்குகிறது. அதைக் கழற்றினால் உள்ளே பற்சக்கரங்கள் இருக்கும். கூடவே விரல் நுனி அளவில் சில தடைநாக்குகள், ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய ஒரு ஸ்பிரிங். உருளை ஒரு பக்கம் மட்டுமே சுழல வேண்டும், பின்னால் நழுவக் கூடாது என்று பிடித்துவைப்பவை அந்த நாக்குகள்தான். உப்பு ஏறிய பழைய பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின், பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் போடலாம். நாக்குகளுக்குப் போடக் கூடாது. அவற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். கிரீஸ் பட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பாரம் ஏறிய நேரத்தில் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று பிடித்திருப்பவர் கையை முறித்துவிடும். வின்ச்சைக் கழற்றும்போது அந்த ஸ்பிரிங் தெறித்துக் கடலில் விழாமல் இருக்க, நடுவில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை உருளையின் மேல் கவிழ்த்துக்கொள்வார்கள். படகுத்துறையில் அந்த அட்டைப்பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், வேலை தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகளிலும் இதே கவனம் வேண்டும். மெல்லிய புரிகள் பல சேர்ந்து முறுக்கிய கம்பி அது. ஒரு புரி அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் மெல்லிய காகிதத்தைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழாக இழுப்பார்கள். அறுந்த புரி இருந்தால் காகிதம் அதில் மாட்டிக் கிழியும். ஒரு துண்டுக் காகிதம் நடுக்கடலில் பாய்மரம் முறிவதைத் தடுத்துவிடுகிறது.

வேகமும் இங்கேதான் தொடங்குகிறது. படகின் அடிப்பக்கத்தில் பாசியும் கொட்டலசும் படிந்தால், எப்பேர்ப்பட்ட மாலுமி சுக்கான் பிடித்தாலும் படகு நகராது. அதற்காகவே பூச்சு அடிக்கிறார்கள், பந்தயத்துக்கு முன் முக்குளிப்பவரை இறக்கித் துடைக்கிறார்கள். நங்கூரச் சங்கிலி, சமையல் பாத்திரம், புத்தகம், மெத்தை என்று குடும்பப் பயணத்துக்குச் சேர்த்த கனத்தில் விதி அனுமதிப்பதையெல்லாம் கரையில் இறக்குகிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் நம் ஊரில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வாடிவாசலில் சில நிமிடங்கள். அதற்காக ஆண்டு முழுவதும் தீனியும் நீச்சலும் நடையும்.

இனிக் கடலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஒரு வெப்ப நீரோட்டம் ஓடுகிறது. அதில் ஏறிக்கொண்டால் இலவசமாக வேகம் கிடைக்கும். ஆனால் தெற்கிலிருந்து திடீரென்று குளிர்காற்று கிளம்பி அந்த நீரோட்டத்தின் முகத்தில் அடித்தால் அலை செங்குத்தாக எழும். பிறகு பாஸ் நீரிணை. சராசரி ஆழம் அறுபது மீட்டர் அளவுதான். பெருங்கடலிலிருந்து வரும் அலை இந்த ஆழமில்லாத இடத்தில் நெருங்கி, உயர்ந்து, உடையும். அதையும் கடந்து ஹோபார்ட்டின் டெர்வென்ட் ஆற்றுக்குள் நுழைந்தால், ராத்திரியில் காற்றே நின்றுபோய், ஊர் விளக்குகள் தெரியும் தூரத்தில் படகு அசையாமல் கிடக்கும். அத்தனை விதமான கடலையும் ஒரே படகு, ஒரே குழு சமாளிக்க வேண்டும்.

அதற்கு வழிகாட்டியாகப் பாயில் சின்னஞ்சிறு கம்பளி நூல்களை ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்க நூல்களும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் காற்று பாயின்மேல் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். ஒரு நூல் துடித்தால் கயிற்றைக் கொஞ்சம் இழுக்க வேண்டும், அல்லது விட வேண்டும், அல்லது சுக்கானைத் தொட வேண்டும். இதை இரவும் பகலும் முறை மாற்றி நாலைந்து நாள் செய்கிறார்கள். காற்று ஏறும்போது பாயைச் சுருக்கத் தெரிவது இன்னும் பெரிய திறமை. படகு அளவுக்கு மீறிச் சாய்ந்தால் சுக்கான் இழுக்கும், வேகம் குறையும். பாயைக் குறைத்தவர் முந்திப் போவதைக் கடலில் கண்ணாரப் பார்க்கலாம்.

1998ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பந்தயத்தை மதிப்பிடக் கூடாது. அந்த ஆண்டு 115 படகுகள் புறப்பட்டன. பெரும்புயலில் சிக்கி 44 படகுகளே ஹோபார்ட் சேர்ந்தன. ஐந்து படகுகள் மூழ்கின. ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஐம்பத்தைந்து பேரைக் கடலிலிருந்து மீட்டார்கள். நன்றாகப் பேணிய படகுகளும் நல்ல மாலுமிகளும் அதில் அடிபட்டார்கள் என்பதை மறந்துவிட்டுப் பராமரிப்பின் பெருமை பேசுவது நியாயமில்லை. அந்த ஆண்டின் கோப்பையை வென்றது எட் சால்ட்டிஸ், பாப் தாமஸ் இருவரும் நடத்திய 35 அடிப் படகு, ‘மிட்நைட் ராம்ப்ளர்’. அதன் பிறகு விதிகள் இறுகின. பாஸ் நீரிணைக்குள் இறங்குமுன் கிரீன் கேப் என்ற முனையைத் தாண்டும்போது, படகும் ஆட்களும் தொடர்ந்து போகத் தகுதியோடு இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு படகும் வானொலியில் அறிவிக்க வேண்டும். இந்தக் கலையின் மிகக் கண்ணியமான பகுதி அந்த அறிவிப்புதான் என்பேன். திரும்பிப் போவதையும் ஒரு முடிவாக மதிக்கிற விளையாட்டு அது.

குறையும் உண்டு. நூறு அடிப் படகுகள் சிலவற்றில் வின்ச்சுகளை இயந்திரம் சுழற்றுகிறது. மனிதக் கைகளுக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது. பாய்கள் விலை உயர்ந்தவை. வசதியுள்ளவர் அடிக்கடி புதுப்பாய் மாற்றலாம், மற்றவர் தைத்துத் தைத்து ஓட்டுவார். திருத்திய நேரக் கணக்கு பணத்தின் பலத்தை முழுவதும் சமன் செய்துவிடாது. இருந்தாலும் அது திறந்துவைத்த வாசல் வழியாக ஒரு பழைய மரப் படகு 2006இல் உள்ளே வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனதே! அந்த வாசல் இருக்கும் வரை இந்த விளையாட்டை நான் உயர்வாகவே மதிப்பேன். தன் உடைமையைத் தானே அறிந்து, தானே பழுது பார்த்து, அதை நம்பிக் கடலில் இறங்கும் மனிதரை உருவாக்குகிற விளையாட்டுகள் அதிகம் இல்லை.

வரும் டிசம்பரில் இந்தப் பந்தயத்தைப் பார்க்கும் நேயர்கள் முதற்படகு கோட்டைத் தொட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். அடுத்த இரண்டு நாள் திருத்திய நேரப் பட்டியலையும் பாருங்கள். உண்மையான போட்டி அங்கேதான் நடக்கும். சிட்னி போன்ற துறைமுக நகரத்தில் இருப்பவர்களாக இருந்தால், கோடைக்கால மாலைப் பந்தயங்களுக்கு ஆள் தேடும் படகு கட்டாயம் ஒன்றாவது இருக்கும். படகு வாங்க வேண்டியதில்லை, முன் அனுபவமும் தேவையில்லை. துறைக்குப் போய்க் கேளுங்கள். உங்களுக்குத் தரும் முதல் வேலை பெரும்பாலும் வாளியும் துணியும் எடுத்து உப்பைக் கழுவுவதாகத்தான் இருக்கும். அதைச் சிறிய வேலை என்று நினைக்காதீர்கள். இந்தக் கலையின் முதல் பாடம் அதுதான். நாற்பது ஆண்டு கடலோடிய தலைவரும் அன்று உங்கள் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்.