நீதிமன்ற வாயிலில் வரி
(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அயலவன் எல்லை வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளி அடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நீதி கேட்டு நீங்கள் மாவட்ட நீதிமன்றம் செல்கிறீர்கள். உங்கள் வழக்கு நியாயமானதா என்று நீதிபதி பார்க்குமுன், மனுவில் போதிய முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. அந்தத் தொகையை நிர்ணயிப்பவர் யார்? இன்று நான் பேச விரும்புவது இக்கேள்வியைப் பற்றியே.

1909ஆம் ஆண்டின் முத்திரைக் கட்டளைச் சட்டத்தில், வழக்கின் பெறுமதிக்கேற்ற கட்டணங்கள் அட்டவணையாகச் சட்டத்தோடேயே இணைக்கப்பட்டிருந்தன. படித்தறிய விரும்பிய எவரும் அவற்றைச் சட்டப் புத்தகத்திலேயே காணலாம். 1982ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க முத்திரைத் தீர்வைச் சட்டம் அக்கட்டளைச் சட்டத்தை நீக்கியது. புதிய சட்டமோ தொகையைக் கூறவில்லை; "குறித்துரைக்கப்பட்ட வீதம்" என்றது. குறித்துரைப்பவர் அமைச்சர்; குறித்துரைக்கும் இடம் வர்த்தமானி. அட்டவணை சட்டத்திலிருந்து வர்த்தமானிக்கு இடம்பெயர்ந்தது. அதனோடு அதிகாரமும் இடம்பெயர்ந்தது.

விதியாக்கும் அதிகாரமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. முத்திரையின் வடிவம், அதை விற்கும் முறை, இரத்துச் செய்யும் விதம் ஆகியவற்றையெல்லாம் பாராளுமன்றம் கூடித் தீர்மானிக்க முடியாது. ஆனால் எவ்வளவு என்பது சில்லறை விஷயமன்று, அது வரி. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பாராளுமன்றச் சட்டத்தினால் அல்லது அதன் அதிகாரத்தின் கீழன்றி வரி விதிக்கலாகாது என்கிறது. "கீழ்" என்ற அந்த ஒரு சொல்லின் வழியாகவே அமைச்சரின் பேனா உள்ளே நுழைகிறது.

ஒழுங்குவிதிகள் பின்னர் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு வருமே என்பார்கள். வரும். ஆனால் நம் சட்டங்களின் வழமையான ஏற்பாட்டின்படி, விதி நிராகரிக்கப்பட்டாலும் அதற்குமுன் செய்யப்பட்டவை செல்லுபடியாகும். கட்டிய பணம் கட்டியதுதான்!

சட்டம் நீக்கப்படும்போது ஒரு பாதுகாப்பு உண்டு. நிலுவையிலுள்ள வழக்குகள் நீக்கத்தினால் பாதிக்கப்படா என்று பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 6(3)ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் புதிய சட்டம் வெளிப்படையாக வேறு விதித்தால் இப்பாதுகாப்பு நிற்காது. ஆகவே எந்த மசோதாவையும் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். விதியாக்கும் பிரிவும் நீக்கற் பிரிவும் பெரும்பாலும் அங்கேதான் உறைகின்றன.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் நீதிமன்றக் கட்டணங்களை மாகாண சபை நிரலில் சேர்த்தது. வட மாகாண மக்கள் 2013இல் தமது சபையைத் தெரிந்தார்கள். 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது; பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. சபையில்லாத மாகாணத்தில், கட்டணத்தைக் கூட்டாதே என்று எழுந்து பேச எந்த உறுப்பினர் இருந்தார்? அதிகாரம் காகிதத்தில் இருந்தது; நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்தன.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. கட்டணத்தின் உச்ச வரம்பு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அதைக் கூட்டும் விதி, அங்கீகாரம் பெற்ற பின்னரே நடைமுறைக்கு வரவேண்டும். பழைய கட்டணத்தில் தொடங்கிய வழக்கு அதே கட்டணத்தில் முடிய வேண்டும்.

வேலி இழந்தவன் நீதி கேட்க வரும்போது, அவன் மடியிலுள்ள பணத்தை அளந்து வாயிலைத் திறக்கும் அரசு நல்லரசாகாது.