ரசீது இல்லாத உழைப்பு



மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தண்டுவடம் அடிபட்டவர்களும் வழக்கமாகச் சந்தித்துக்கொள்ளும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே நாம் எதிரெதிரே நின்று கேள்வி கேட்போம். இன்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அதனால்தான் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க உடனே ஒப்புக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கு. இருசக்கர வாகனத்தில் போன இருபத்திரண்டு வயதுப் பையன் மீது லாரி மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சாட்சிக் கூண்டில் அவன் தாயார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: "பையனைப் பார்த்துக்க ஆள் வைச்சிருக்கீங்களா அம்மா?" "இல்லீங்க, நான்தான் பார்த்துக்கிறேன்." "அப்போ செலவுக்கு ரசீது எதுவும் இல்லை?" அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு கேள்வி இல்லை என்று அந்த வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். உதவியாளர் செலவு என்ற தலைப்பில் தீர்ப்பில் வந்த தொகை ஓராண்டுக்குக்கூடக் காணாது.

அதற்கு நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் விசாரணையில் அந்தத் தாயிடம் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. "ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்ப்பை தானாக இயங்காதவருக்கு நாளைக்கு நான்கைந்து முறை குழாய் செருகிச் சிறுநீர் எடுக்க வேண்டும். மலம் கழிக்கவைப்பது தனி வேலை. குளிப்பாட்டி, தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, மறுபடி கட்டிலில் கிடத்த வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் வேண்டும். இந்த இரண்டு பேரின் வேலையையும் அந்த அம்மாள் ஒருவரே செய்துவந்தார். நூற்பாலை வேலையையும் விட்டிருந்தார். அந்தச் சம்பளமும் ஏட்டில் ஏறவில்லை.

சட்டத்தில் இதற்கு வழி உண்டு. குடும்பத்தார் அன்பினால் செய்யும் பணிவிடையைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 1980-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. தவறு செய்தவருக்கு அந்த அன்பு லாபமாகிவிடக் கூடாது என்பது அதன் நியாயம். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. நீதிபதி தீபக் குப்தா எழுதிய தீர்ப்பு அது. தலையில் அடிபட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கு என்றாலும், கணக்கிட்ட முறை நமக்கும் பொருந்தும். 12 மணி நேர உதவிக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு பேருக்கு 10,000, ஆண்டுக்கு 1,20,000. அதை, வயதையொட்டி எடுக்கும் 18 என்ற பெருக்கெண்ணால் பெருக்கி 21,60,000 ரூபாய் வழங்கினார்கள். மொத்தமாக ஏதோ ஒரு தொகையைப் போட்டுவிடும் வழக்கத்தை அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. இந்தக் கணக்கைக் கேட்காமல் மனுத் தாக்கல் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வேதனை.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 'நிரந்தர ஊனம் 80 சதவீதம்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் எங்களுக்குப் போதாது. ஊனத்தின் சதவீதம் வேறு, வருமான இழப்பின் சதவீதம் வேறு என்பதை நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் 2010-இல் உச்ச நீதிமன்றத்தில் தெளிவாக எழுதினார். மூட்டை தூக்குகிறவருக்கு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தால் பிழைப்பு முழுவதும் போயிற்று. மேசை வேலைக்காரருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். எனவே காயம்பட்டவரால் எதைச் செய்ய முடியும், எதற்கு ஆள் வேண்டும், மெத்தையும் சக்கர நாற்காலியும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு கவலை, காலக்கெடு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தண்டுவடம் அடிபட்டவர் அந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்கிறார். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. அவற்றுக்கு முடிவு வரும்வரை, வார்டில் இருக்கும்போதே குடும்பத்துக்கு இதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சாலையில் அல்லாமல், பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு எதிர்மனுதாரரே கிடையாது. அதே காயம், அதே புண், போக ஒரு தீர்ப்பாயம் இல்லை. பிற்பகல் அமர்வில் அவர்களைப் பற்றி விரிவாகப் பேச நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கவும் காரணமானார். அவர் உறுதியை எல்லோரும் புகழ்கிறோம். அவரைச் சுற்றி ஓர் ஆஸ்பத்திரியே துணைக்கு நின்றதையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். கிராமத்து வீட்டில் கிடக்கும் பையனுக்கு அந்தத் துணையை விலைக்கு வாங்கித் தர வேண்டிய பணம்தான் இழப்பீடு.

முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. பராமரிக்கும் தாய்மார்களும் மனைவிமார்களும் நான்கு பேர் தங்கள் ஒரு நாளைக் காலை முதல் காலை வரை சொல்லப்போகிறார்கள். இளம் வழக்கறிஞர்கள் குறிப்பேட்டைத் திறந்து, மணிக்கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள்.